பளபளப்பு வேண்டுமா, படிக்க வேண்டுமா?

தெருவில் நடந்து பாருங்கள். எத்தனை பலகைகள்! கடையின் பெயர்ப் பலகை. விலைப் பட்டியல். ரேஷன் கடை அறிவிப்பு. ஆஸ்பத்திரியில் தடுப்பூசி அட்டவணை.

முன்பெல்லாம் ஓவியர்கள் தூரிகை பிடித்து எழுதினார்கள். இன்று பெரும்பாலும் பெரிய இயந்திரத்தில் அச்சடிக்கிறார்கள். ஆள் உயரப் படம்கூட ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடுகிறது.

அச்சடித்த படத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டுவார்கள். அது கண்ணாடி போல் இருக்கும். உள்ளே இருக்கும் எழுத்தும் படமும் அதன் வழியாகத் தெரியும். இதைக் கடையில் "லேமினேஷன்" என்கிறார்கள். இந்தப் பாடத்தில் நாம் "மேல்தாள்" என்று சொல்வோம்.

பலகை செய்யக் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்பார்: "கிளாசியா, மேட்டா?"

நாம் விழிப்போம். "எது நல்லா இருக்குமோ அதைப் போடுங்க" என்போம்.

அங்கேதான் நம் காசு போகிறது. காசு மட்டுமா? எழுதியதைப் படிக்க முடியாமல் போனால் செய்தியும் போய்விடுகிறது.

எந்தப் பலகைக்கு எந்த மேல்தாள்? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

நான்கு வேலைகள்

மும்பையில் தாராவி என்ற இடம் உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் அதிகம். 90 அடி சாலை என்று அங்கே ஒரு சாலை இருக்கிறது. தாராவியில் அவிக்கும் இட்லி மும்பையின் பல தெருக்களுக்குப் போகிறது.

அங்கே ஒரு மகளிர் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு நான்கு வேலைகள் ஆகவேண்டும்.

1. இட்லி வண்டிக்கு விலைப் பலகை.
2. அங்கன்வாடிச் சுவரில் தடுப்பூசி அட்டவணை.
3. தெருமுனைக் குழாய்க்கு எச்சரிக்கைப் பலகை.
4. மருத்துவ முகாமில் வரிசை காட்டும் அம்புக்குறி. இதைத் தரையில் ஒட்டவேண்டும்.

நான்குக்கும் ஒரே மேல்தாள் போடலாமா? கூடாது. நான்கு இடமும் நான்கு விதம். ஓரிடத்தில் எண்ணெய். ஓரிடத்தில் குழல் விளக்கு. ஓரிடத்தில் வெயிலும் மழையும். ஓரிடத்தில் காலடி.

ஆகவே முதலில் இடத்தைப் பார்க்கவேண்டும். பிறகுதான் மேல்தாள்.

சூடா, குளிரா?

ரேஷன் அட்டையையோ அடையாள அட்டையையோ நீங்கள் லேமினேஷன் செய்திருக்கலாம். அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பார்கள். சூடான இயந்திரத்தில் விடுவார்கள். சூட்டில் பசை உருகும். உறை ஒட்டிக்கொள்ளும். இது சூடான லேமினேஷன். காகிதத்துக்கு இது சரி.

பெரிய பலகைப் படங்கள் பெரும்பாலும் காகிதம் அல்ல. வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கிறார்கள். பின்பக்கம் பசை இருக்கும். ஸ்டிக்கர் போல ஒட்டலாம். வினைல் சூடு பட்டால் சுருங்கும். படம் கோணிக்கொள்ளும். அதனால் அதற்குச் சூடான லேமினேஷன் ஆகாது.

அதற்குக் "கோல்டு லேமினேஷன்" செய்வார்கள். கோல்டு என்றதும் தங்கம் என்று நினைக்கவேண்டாம். இங்கே கோல்டு என்றால் குளிர். அதாவது சூடு இல்லாமல் ஒட்டுவது. இந்த மேல்தாளில் பசை ஏற்கெனவே தடவியிருக்கும். அடியில் ஒரு காகிதம் இருக்கும். காகிதத்தை உரித்துக்கொண்டே, படத்தையும் மேல்தாளையும் சேர்த்து இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். கரும்பு ஆலையில் கரும்பு போவதுபோல உள்ளே போகும். அழுத்தத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

கண் கூசும் பலகை

கோல்டு லேமினேஷனில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று கிளாசி. அது பளபளக்கும். இன்னொன்று மேட். அது பளபளக்காது.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். புதிய சில்வர் தட்டு ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். விளக்கு தட்டில் தெரியும். கண் கூசும். இப்போது ஒரு மண் சட்டியைப் பிடியுங்கள். விளக்கு தெரியாது. கண் கூசாது.

ஏன்? சில்வர் தட்டு வழவழப்பாக இருக்கிறது. ஒளி அதில் பட்டு நேராக நம் கண்ணுக்குத் திரும்புகிறது. மண் சட்டி சொரசொரப்பாக இருக்கிறது. ஒளி அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது.

கிளாசி சில்வர் தட்டு போல. மேட் மண் சட்டி போல.

கிளாசி போட்டால் நிறங்கள் பளிச்சென்று தெரியும். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். அழுக்கைத் துடைப்பதும் சுலபம். மேட் போட்டால் நிறம் கொஞ்சம் மங்கும். கறுப்பு சற்றே சாம்பல் போலத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் படிக்கலாம்.

இப்போது அங்கன்வாடிக்கு வருவோம். சுவரில் தடுப்பூசி அட்டவணை. எதிரே குழல் விளக்கு. அட்டவணையில் இப்படி எழுதியிருக்கிறது: பிறந்தவுடன், 6 வாரம், 10 வாரம், 14 வாரம், 9 மாதம். குழந்தையை எப்போதெல்லாம் ஊசிக்குத் தூக்கி வரவேண்டும் என்ற கணக்கு அது. அதற்குப் பிறகும் ஊசிகள் உண்டு.

இந்த அட்டவணைக்குக் கிளாசி போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? குழல் விளக்கு அட்டவணையில் வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு "14 வாரம்" என்ற வரியின் மேல் விழுகிறது. ஒரு தாய் குழந்தையோடு வருகிறாள். போன வருடம்தான் எழுத்துக் கற்றவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறாள். 6 தெரிகிறது. 10 தெரிகிறது. அடுத்த வரி தெரியவில்லை. அவள் என்ன நினைப்பாள்? "எனக்கு இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை" என்றுதான் நினைப்பாள். வெட்கப்பட்டு ஒதுங்கிப் போவாள்.

குறை அவளிடம் இல்லை. பலகையில் இருக்கிறது.

நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் பாதி எழுத்து தெரிந்தால்கூட ஊகித்துக்கொள்வார். புதிதாகக் கற்றவருக்கு எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரியவேண்டும். ஆகவே நாம் படிக்கவேண்டிய பலகை பளபளக்கக் கூடாது. விளக்கு இருக்கும் அறையில் படிக்கும் பலகைக்கு மேட்தான் சரி.

தேதியோ விலையோ அடிக்கடி மாறுகிறதா? அதற்கும் ஒரு மேல்தாள் உண்டு. அதன்மேல் வெள்ளைப் பலகைப் பேனாவால் எழுதலாம். துணியால் அழித்துத் திரும்பவும் எழுதலாம். ஆனால் அது பளபளப்பானது. விளக்குக்கு எதிரே வைக்காதீர்கள்.

முதலில் மறையும் நிறம்

அடுத்தது தெருமுனைக் குழாய். அங்கே ஒரு பலகை வேண்டும். அதில் எழுதவேண்டியது இது:

"இந்தத் தண்ணீர் குடிக்க உதவாது."

எல்லாரும் கவனிக்கவேண்டும் என்று "உதவாது" என்ற சொல்லை மட்டும் சிவப்பில் போடுகிறார்கள். மற்றது கறுப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய சினிமாப் போஸ்டரை வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? கதாநாயகியின் சிவப்புச் சேலை வெளிறியிருக்கும். முகத்தில் நீலம் பூத்திருக்கும். வெயிலில் மஞ்சளும் சிவப்பும் பொதுவாக முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் அதிக நாள் நிற்கும்.

இப்போது நம் பலகையை நினைத்துப் பாருங்கள். சிவப்பு வெளுத்துவிட்டது. கறுப்பு நிற்கிறது. பலகையில் மிச்சம் இருப்பது என்ன?

"இந்தத் தண்ணீர் குடிக்க"

படிக்கத் தெரிந்த பிள்ளை வருகிறது. படிக்கிறது. குழாயைத் திறந்து குடிக்கிறது.

பலகை இல்லாமல் இருந்ததைவிட இது ஆபத்து அல்லவா?

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருக்கிறது. அதைப் புற ஊதாக் கதிர் என்பார்கள். கடையில் "யூ.வி." என்பார்கள். நிறத்தை வெளுக்கச் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எல்லா மேல்தாளும் அதைத் தடுக்காது. பார்வைக்குக் கண்ணாடி போலத் தெரியும் தாள் அந்தக் கதிரையும் உள்ளே விட்டுவிடலாம். யூ.வி. தடுக்கும் மருந்து கலந்த மேல்தாள் தனியாக வருகிறது. வெயிலில் வைக்கும் பலகைக்கு அதைத்தான் கேட்கவேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். கடையில் "யூ.வி. பிரிண்ட்" என்று ஒன்று உண்டு. அச்சு மையை யூ.வி. விளக்கால் உடனே உலர வைக்கும் முறை அது. அதுவும் யூ.வி. தடுக்கும் மேல்தாளும் ஒன்றல்ல. "யூ.வி. போட்டாச்சு" என்று கடைக்காரர் சொன்னால் விடாதீர்கள். "அச்சா, மேல்தாளா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எந்த மேல்தாளும் நிறம் வெளுப்பதை அடியோடு நிறுத்தாது. தள்ளிப் போடும். அவ்வளவுதான். ஆகவே உயிர் காக்கும் சொல்லைக் கறுப்பில் எழுதுங்கள். பெரிதாக எழுதுங்கள். சிவப்பு வேண்டுமானால் சுற்றிலும் கட்டம் போடுங்கள்.

ஓரம்தான் வாசல்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். வெளியே வைக்கும் பலகைக்கு வெயிலோடு மழையும் பகை.

மழை பலகையின் முகத்தில் விழுந்தால் கெடுதல் இல்லை. மேல்தாள் தாங்கும். தண்ணீர் ஓரத்தின் வழியாகத்தான் நுழையும். ஓரம் முதலில் தூக்கும். தூசி சேரும். பிள்ளைகள் நகத்தால் பிய்ப்பார்கள். பிறகு முழுவதும் உரிந்து வரும்.

ஆகவே ஓரத்தை நன்றாக அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் சட்டம் போட்டால் இன்னும் நல்லது. ஈரச் சுவரிலும் சுண்ணாம்பு உதிரும் சுவரிலும் வினைல் ஒட்டாது. வெளியே வைப்பதானால் கெட்டியான அலுமினியப் பலகையில் ஒட்டி, அந்தப் பலகையைச் சுவரில் திருகாணியால் முடுக்குங்கள்.

சப்பாத்தியும் தோசையும்

இனி இட்லி வண்டி. வண்டியின் முன்பக்கம் வளைவாக இருக்கிறது. அங்கே விலைப் படம் ஒட்டவேண்டும்.

சப்பாத்தி தேய்த்திருக்கிறீர்களா? மாவை உருட்டித் தேய்ப்போம். கட்டையை எடுத்ததும் மாவு கொஞ்சம் சுருங்கும். பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். தோசை அப்படி அல்ல. மாவை ஊற்றுகிறோம். பரப்புகிறோம். அப்படியே வேகிறது. அது சுருங்குவதில்லை.

பிளாஸ்டிக் தாளும் இப்படி இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துச் செய்வது ஒரு விதம். இது சப்பாத்தி வகை. வெயில் பட்டால் நாளடைவில் கொஞ்சம் சுருங்கும். ஓரம் தூக்கும். குழம்பாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது இன்னொரு விதம். இது தோசை வகை. இதைக் கடையில் "காஸ்ட்" என்பார்கள். அது அதிகம் சுருங்காது. வளைவில் நன்றாகப் படியும். விலை அதிகம்.

தட்டையான பலகைக்குச் சப்பாத்தி வகை போதும். வளைவான வண்டிக்கும் வேனுக்கும் தோசை வகை நல்லது. கீழே இருக்கும் வினைலும் மேலே இருக்கும் தாளும் ஒரே வகையாக இருக்கவேண்டும். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் இழுத்துக்கொண்டு, ஓரம் சுருண்டு, உரிந்து வரும்.

வண்டிக்குக் கிளாசியா, மேட்டா? வண்டியில் எண்ணெய், ஆவி, சட்னி, ஈரக் கை எல்லாம் படும். மேட்டின் சொரசொரப்பில் எண்ணெய் ஏறினால் கறை சுலபமாகப் போகாது. கிளாசியை ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆகவே வண்டிக்குக் கிளாசி போடலாம். ஆனால் அடுப்பின் பக்கத்தில் ஒட்டாதீர்கள். சூட்டில் வினைலும் சுருங்கும், பசையும் இளகும்.

பார்த்தீர்களா? அங்கன்வாடிக்கு வேண்டாம் என்ற கிளாசி, வண்டிக்கு நல்லதாகிவிட்டது. நல்ல தாள், கெட்ட தாள் என்று இல்லை. இடத்துக்குப் பொருந்தும் தாள், பொருந்தாத தாள் என்றுதான் உண்டு.

காலடியில் ஒட்டும் படம்

நான்காவது வேலை தரையில் அம்புக்குறி. இதில் ஒரு பிழை நேர்ந்தால் எலும்பு முறியும்.

சாதாரண மேல்தாள் வழவழப்பானது. அதைத் தரையில் ஒட்டினால், மழை ஈரத்தோடு வரும் கால் வழுக்கும். முகாமுக்கு வருகிறவர்கள் யார்? வயதானவர்கள். கர்ப்பிணிகள். கைக்குழந்தையைத் தூக்கியவர்கள்.

தரைக்கென்றே தனி மேல்தாள் உண்டு. "ஃப்ளோர் லேமினேஷன்" என்று கேட்கவேண்டும். அது தடிப்பாக இருக்கும். மேலே மணல் போலச் சொரசொரப்பு இருக்கும். ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள். கை பிடிக்கவேண்டும். வழுக்கினால் வாங்காதீர்கள்.

அது கிடைக்காவிட்டால் தரையில் ஒட்டவே வேண்டாம். அம்புக்குறியைச் சுவரில் மாட்டுங்கள். அல்லது தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அதுவே போதும்.

தடிப்பை எப்படி அளப்பது?

மேல்தாளின் தடிப்பை மைக்ரான் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் ஒரு பங்கு 1 மைக்ரான். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். பலகைப் படத்தின் மேல் ஒட்டும் சாதாரண மேல்தாளும் ஏறத்தாழ ஒரு தலைமுடித் தடிப்புதான். தரைக்கு ஒட்டுவது அதைவிடத் தடிப்பு.

தடிப்பு அதிகமானால் கீறல் தாங்கும். ஆனால் வளைவில் படியாது. ஆகவே தடிப்பாக இருந்தால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று எண்ணவேண்டாம்.

மை காயட்டும்

அச்சடித்த உடனே மேல்தாள் ஒட்டலாமா? அது மையைப் பொறுத்தது. பல கடைகளில் கரைப்பான் கலந்த மையில் அச்சடிக்கிறார்கள். பெயின்ட் போல ஒரு வாடை வரும். அந்த வாடைதான் உலரும் மை. அதன்மேல் உடனே மேல்தாளை மூடினால் ஆவி உள்ளே சிக்கிக்கொள்ளும். சில நாளில் குமிழ் குமிழாகத் தூக்கும். வினைலும் இளகும். ஓரம் சுருளும்.

இந்த மையில் அச்சடித்தால் குறைந்தது 1 நாள் காயவிடவேண்டும். 2 நாள் விட்டால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் அவசரம் கூடவே கூடாது. இறுக்கமாகச் சுருட்டி வைத்தால் காயாது. விரித்து வையுங்கள், அல்லது தளர்வாகச் சுருட்டி நிற்க வையுங்கள். யூ.வி. பிரிண்ட் செய்தால் மை உடனே உலர்ந்துவிடும். இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

கடையில் ஒரு பேச்சு

குழுத் தலைவி கடைக்குப் போகிறார். இந்தப் பேச்சை இரண்டு பேராகச் சேர்ந்து படியுங்கள்.

தலைவி: அண்ணாச்சி, அங்கன்வாடிக்கு ஒரு பலகை வேணும். மூணு அடி அகலம், ரெண்டு அடி உயரம்.

கடைக்காரர்: போட்டுருவோம்க்கா. கிளாசி போடட்டுமா? நல்லா பளபளன்னு இருக்கும்.

தலைவி: வேண்டாம் அண்ணாச்சி. எதிர்லயே டியூப் லைட் இருக்கு. மேட் போடுங்க.

கடைக்காரர்: மேட் போட்டா கலர் கொஞ்சம் டல்லா இருக்குமேக்கா?

தலைவி: இருக்கட்டும். எழுத்து தெரிஞ்சா போதும். குழாயடிப் பலகைக்கும் மேட்தான். ஆனா அதுக்கு யூ.வி. தடுக்குற ஷீட் வேணும்.

கடைக்காரர்: நம்ம மெஷின்ல யூ.வி. பிரிண்ட்தான்க்கா.

தலைவி: பிரிண்ட் சரி அண்ணாச்சி. மேல ஒட்டுற ஷீட் யூ.வி. தடுக்குமா?

கடைக்காரர்: (சிரித்து) அதைக் கேக்கிறீங்களா? சாதா ஷீட் தடுக்காது. அது வேற ரோல். கொஞ்சம் விலை கூட.

தலைவி: அந்த ரோலைக் காட்டுங்க. பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாக்கிறேன். பில்லுலயும் அதையே எழுதிக் கொடுங்க.

கடைக்காரர்: எழுதித் தாரேன்க்கா. இப்படிக் கேட்டு வாங்குறவங்க குறைச்சல்.

கவனித்தீர்களா? தலைவி சண்டை போடவில்லை. இடத்தைச் சொன்னார். கேள்வி கேட்டார். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தார். பில்லில் எழுதி வாங்கினார். படிப்பு வந்த பிறகு நம் கையில் இருக்கும் பலம் இதுதான்.

மேல்தாள் வேண்டாத இடம்

எல்லாவற்றுக்கும் மேல்தாள் வேண்டுமா? வேண்டாம்.

ஐந்து நாள் திருவிழாவுக்கு ஒரு பலகை. ஐந்து நாளில் நிறம் வெளுக்கப் போவதில்லை. மேல்தாள் வீண் செலவு. ஃப்ளெக்ஸ் பேனருக்கும் பொதுவாக மேல்தாள் போடுவதில்லை. மடித்தால் மேல்தாள் வெடிக்கும்.

ஃப்ளெக்ஸ் பற்றி ஒரு சட்டமும் இருக்கிறது. 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிப்புள்ள பிளாஸ்டிக் பேனர்கள் 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டன. கேரள அரசு 2019-லேயே பி.வி.சி. ஃப்ளெக்ஸுக்குத் தடை போட்டது. சில நாள் விழாவுக்குத் துணிப் பேனர் போதும்.

வினைலும் ஃப்ளெக்ஸும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. பழைய பலகைத் தாளை எரிக்காதீர்கள். எரித்தால் நச்சுப் புகை வரும். அடுப்பு மூட்ட அதைப் பயன்படுத்தவே கூடாது. பலகையை நீண்ட நாள் காப்பாற்றினால் குப்பையும் குறையும்.

கணக்குப் பார்ப்போம்

பலகைக்கு விலையைச் சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் சதுர அடி வரும்.

அகலம் 3 அடி. உயரம் 2 அடி.
3 x 2 = 6 சதுர அடி.

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். அச்சுக்கு ஒரு சதுர அடி 40 ரூபாய். மேல்தாளுக்கு ஒரு சதுர அடி 20 ரூபாய்.

அச்சு: 6 x 40 = 240 ரூபாய்.
மேல்தாள்: 6 x 20 = 120 ரூபாய்.
மொத்தம்: 360 ரூபாய்.

மேல்தாள் இல்லாத பலகை 1 வருடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 240 ரூபாய் செலவு. மேல்தாள் போட்ட பலகை 3 வருடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 360-ஐ 3 ஆல் வகுத்தால் 120. வருடத்துக்கு 120 ரூபாய்தான் செலவு.

முதலில் அதிகம் கொடுத்ததுபோலத் தெரிந்தது. கணக்குப் போட்டால் பாதிச் செலவு.

பலகையை வாங்கும்போது

பணம் கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள்.

குமிழ் இருக்கிறதா? சுருக்கம் இருக்கிறதா? வெள்ளிப் பொட்டு போல மினுக்கு தெரிகிறதா? தெரிந்தால் மேல்தாள் சரியாக ஒட்டவில்லை.

ஓரத்தை விரலால் தடவுங்கள். எங்காவது தூக்குகிறதா?

முகர்ந்து பாருங்கள். மை வாடை பலமாக வருகிறதா? வந்தால் மை காயவில்லை.

கடைசியாக, பலகையை விளக்குக்கு எதிரே சாய்த்து நிறுத்தச் சொல்லுங்கள். பத்து அடி தள்ளி நில்லுங்கள். நேராக நின்று படியுங்கள். இடப்பக்கம் நின்று படியுங்கள். வலப்பக்கம் நின்று படியுங்கள். மூன்று இடத்திலும் எல்லா எழுத்தும் தெரியவேண்டும். படித்த பிறகு பணம் கொடுங்கள்.

நினைவில் வையுங்கள்

கடைக்குப் போகும்முன் மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பலகை எங்கே இருக்கப் போகிறது? வெயிலா, மழையா, விளக்கா, அடுப்பா, தரையா?
2. எத்தனை நாள் இருக்கவேண்டும்?
3. அதன்மேல் என்ன படும்? கையா, காலா, எண்ணெயா?

விளக்கு உள்ள அறையில் படிக்க: மேட்.
வெயிலில்: யூ.வி. தடுக்கும் மேல்தாள்.
எண்ணெயும் கறையும் படும் இடத்தில்: கிளாசி.
வளைவில்: காஸ்ட் வகை.
தரையில்: ஃப்ளோர் லேமினேஷன் மட்டும்.
சில நாள் விழாவுக்கு: மேல்தாள் வேண்டாம்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. கோல்டு லேமினேஷன் என்றால் என்ன?
2. வெயிலில் பொதுவாக எந்த நிறங்கள் முதலில் வெளுக்கும்?
3. தரையில் சாதாரண மேல்தாள் ஒட்டினால் என்ன ஆகும்?
4. யூ.வி. பிரிண்ட், யூ.வி. தடுக்கும் மேல்தாள் – இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. பளபளக்காத மேல்தாளின் பெயர் ________.
2. ஒரு மில்லிமீட்டரில் ________ மைக்ரான் உண்டு.
3. மழைத் தண்ணீர் பலகையின் ________ வழியாக நுழையும்.

இ. கணக்குப் போடுங்கள்.
ஒரு பலகையின் அகலம் 4 அடி. உயரம் 3 அடி. மேல்தாள் ஒரு சதுர அடிக்கு 20 ரூபாய். மேல்தாளுக்கு மட்டும் எவ்வளவு செலவு?

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் தெருவில் ஐந்து பலகைகளைப் பாருங்கள். காலையில் ஒரு முறை படியுங்கள். விளக்குப் போட்ட பிறகு ஒரு முறை படியுங்கள். எந்தப் பலகையைப் படிக்க முடியவில்லை? ஏன் முடியவில்லை? கண் கூசுகிறதா? நிறம் வெளுத்ததா? ஓரம் உரிந்ததா? நோட்டில் எழுதுங்கள். அது ஊசி, தண்ணீர், மின்சாரம் பற்றிய பலகையாக இருந்தால் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். மாற்றும்வரை கேளுங்கள்.